டிஸ்சார்ஜ் தாளில் இல்லாத பெயர்: மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, செவிலியர்களே, வார்டுகளையும் டிஸ்சார்ஜ் வேலைகளையும் நிர்வகிப்பவர்களே,

நீங்கள் எங்களை அட்டெண்டர் என்று அழைப்பீர்கள். படுக்கை எண்ணைச் சொல்லி "அட்டெண்டர் யார்?" என்று வார்டு வாசலில் குரல் கேட்டால் ஓடி வருபவர்கள் நாங்கள். கையெழுத்துப் போடவும், பணம் கட்டவும், மருந்து வாங்கி வரவும் தேவைப்படுபவர்கள். மற்ற நேரங்களில் நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்பவர்கள். பார்வையாளர் நேரம் முடிந்தது, வெளியே போங்கள் என்று விரட்டப்படுபவர்களும் நாங்களே. நோயாளி வீட்டுக்குப் போகும் நாளில் இதே ஆளிடம்தான் நோயாளியை மொத்தமாக ஒப்படைக்கிறீர்கள். ஒப்படைக்கும் முன் அந்த ஆளுக்கு என்ன தெரியும், என்ன முடியும் என்று கேட்பதில்லை. இந்த மடல் அதைப் பற்றியது.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் முழுவதும் செயலிழந்தது. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்தச் சிகிச்சையில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை, நன்றிதான் இருக்கிறது. எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதும் இல்லை. வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்ளும் யாரிடம் பேசினாலும் இதே கதையைத்தான் கேட்கிறேன் என்பதால், ஒரு பெயரைச் சொல்வது மற்றவர்களைத் தப்பவிடுவதாகிவிடும்.

டிஸ்சார்ஜ் தாள் கையில் வந்தபோது அதில் ஸ்கேன் முடிவுகள் இருந்தன, ரத்தப் பரிசோதனை எண்கள் இருந்தன, மருந்துகளின் பெயர்கள் இருந்தன. கடைசிப் பக்கத்தின் அடியில் சில வரிகள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவும். டியூப் வழியாக உணவு. கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) பராமரிப்பு. பிசியோதெரபி தொடரவும். ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எழுதும் தாள் அது. அதை நிறைவேற்றப்போகிறவளுக்கு அதில் ஒன்றும் எழுதப்படவில்லை.

"திருப்பிப் படுக்க வைக்கவும்" என்ற வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் செவிலியர் இருவர் சேர்ந்து, நோயாளியின் அடியில் கிடக்கும் விரிப்பின் இரு பக்கங்களையும் பிடித்து ஒரே மூச்சில் திருப்பிவிடுவார்கள். நான் தனியாள். இழுத்தால் தோல் படுக்கையில் உராய்கிறது. அந்த உராய்வே புண்ணுக்குக் காரணமாகும் என்பதை யாரும் சொல்லவில்லை. முழுவதுமாகப் பக்கவாட்டில் சாய்த்தால் இடுப்பு எலும்பின் மேல் மொத்த எடையும் விழும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் வைத்தாலே போதும் என்பதும் வீட்டுக்கு வந்து வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. குதிகால் படுக்கையில் படாமல் இருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். விரலை எடுத்த பின்பும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் சொன்னது இதற்கு நேர்மாறாக இருந்தது: சிவந்த இடத்தை நன்றாகத் தேய்த்துவிடு, நடுவில் ஓட்டை போட்ட வளையத் தலையணையை அடியில் வை. எலும்பு துருத்தும் இடத்தில் சிவந்த தோலைத் தேய்ப்பது உள்ளே இருக்கும் தசையைக் கெடுக்கும். வளையம் தன் விளிம்பில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். அக்கறையுள்ள மனிதர்கள் அக்கறையோடு சொல்லும் தவறான யோசனையிலிருந்து எங்களைக் காப்பாற்ற உங்களுக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

மூக்கு வழி டியூப் இன்னும் பெரிய சங்கதி. உணவு செலுத்தும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும். முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். டியூப் இடம் பெயர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பெயர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. இவ்வளவும் தெரிந்த ஒருவர் செய்ய வேண்டிய வேலையை, "பார்த்தீர்கள் அல்லவா, அப்படியேதான்" என்று ஒரே ஒரு முறை காட்டிவிட்டுப் போனார்கள். சக்கர நாற்காலி ஏற்கெனவே வாசலுக்கு வந்துவிட்டிருந்தது.

அதே டியூபில்தான் மாத்திரையும் போக வேண்டும். பட்டியலில் இருப்பதையெல்லாம் பொடித்துக் கரைத்து ஊற்றலாம் என்றுதான் யாருமே நினைப்பார்கள். ஆனால் நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரைய வேண்டும் என்று தயாரிக்கப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாளின் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். குடலுக்குப் போய்க் கரைய வேண்டும் என்று பூச்சு பூசிய மாத்திரையும் பொடிக்கக் கூடாதது. பல மாத்திரைகளை ஒன்றாக அரைத்துக் கலப்பதும் ஆகாது. ஒவ்வொன்றாகக் கொடுத்து இடையில் தண்ணீர் விட வேண்டும். நோயாளிக்கு டியூப் இருக்கிறது என்பதும், அவருக்கு எழுதிய மாத்திரை பொடிக்கக் கூடாத வகை என்பதும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் யார்? எங்கள் விஷயத்தில் அதைப் பார்த்துச் சொன்னவர் மருந்துக் கடையில் இருந்தவர்.

பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். யூரின் பேக் எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். திருப்பிப் படுக்க வைக்கும்போது அதை நோயாளியின் மேலாகத் தூக்கிப் போட்டால் வெளியேறிய சிறுநீர் திரும்ப உள்ளே போய்த் தொற்று வரும். விழுங்கும் திறன் குறைந்தவருக்குக் கெட்டியான உணவைவிட வெறும் தண்ணீர் ஆபத்தானதாக இருக்கலாம். சிலருக்கு நுரையீரலுக்குள் போனாலும் இருமல்கூட வராது. இவற்றில் ஒன்றுகூட ரகசியம் அன்று. உங்கள் வார்டில் முதலாண்டு செவிலியர் மாணவிக்குத் தெரிந்தவைதான். அந்த மாணவி ஒரு கட்டு மாற்றுவதற்குக்கூட மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார், அதுதான் முறை. எங்கள் பக்கத்தில் நிற்பதற்கு மட்டும் ஆள் இருப்பதில்லை.

எங்களுக்கு உருப்படியாக ஒன்றைக் கற்றுத்தந்தவர் இரவுப் பணியில் இருந்த ஆயா. நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றும் வித்தை அது. பழைய விரிப்பை நீளவாக்கில் முதுகு வரை சுருட்டி, புதியதையும் பாதி சுருட்டி அதன் அருகில் வைத்து, அந்த மேட்டின் மேலாக அம்மாவை மறுபக்கம் திருப்பி, இரண்டையும் உருவினார். பிறகு என்னைச் செய்யச் சொல்லி, நான் முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லை. உங்கள் அமைப்பில் யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டே.

அமெரிக்காவில் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை, குடும்பப் பராமரிப்பாளர்களில் 46 சதவீதம் பேர் மருத்துவ, செவிலியப் பணிகளைச் செய்கிறார்கள் என்று கண்டது. குளிப்பாட்டுவதையும் உடை மாற்றுவதையும் தாண்டி ஊசி, டியூப், புண்ணுக்குக் கட்டு, கருவிகளை இயக்குவது என்பவை. பெரும்பாலானோருக்கு இதில் போதிய பயிற்சி தரப்படவில்லை என்பதையும் அதே அறிக்கை பதிவு செய்தது. வீட்டில் பார்த்துக்கொள்வது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்வது என்ற படம் இன்னும் உங்களில் பலர் மனத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் படம் பழசாகிவிட்டது. நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்ட பிறகு, வார்டில் நடந்துகொண்டிருந்த வேலைதான் வீட்டுக்கு இடம் மாறியிருக்கிறது.

ஆனால் வார்டில் அந்த வேலைக்கு ஷிஃப்ட் உண்டு. எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ கழிந்ததும் மாற்றுவதற்கு ஆள் வரும். வருகிறவரிடம் இன்ன படுக்கைக்கு இன்னது கொடுத்தாயிற்று என்று ஒப்புவித்துவிட்டுக் கிளம்பலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதும்போது அது இரவுக்கும் பொருந்தும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இரவுக்கும் மறுநாள் பகலுக்கும் ஒரே ஆள்தான் என்பது தெரியுமா? துண்டு துண்டாகத் தூங்குகிற ஒருத்தி காலையில் இன்சுலின் அளவை அளந்து ஊசியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. உங்கள் செவிலியரை இப்படி வேலை வாங்கினால் விசாரணை வரும்.

முடியுமா என்ற கேள்வியை நீங்கள் கேட்பதே இல்லை. கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவோமோ என்ற பயமாக இருக்கலாம். அல்லது பெற்ற மகள், கட்டிய மனைவி, வீட்டுக்கு வந்த மருமகள் என்று ஒரு பெண் அங்கே நிற்பதைப் பார்த்ததுமே விடை கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு எழுபது வயதாக இருக்கலாம். இடுப்பு வலி இருக்கலாம். அவளே இதய நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். நோயாளியைக் கையால் தூக்குவதில் பாதுகாப்பான எடைக்கு மேல்வரம்பு 35 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிலோ என்று தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2007இல் கணக்கிட்டார்கள். அதுவும் நோயாளி ஒத்துழைத்து, திடீரென்று அசையாமல் இருக்கும் நல்ல சூழ்நிலைக்கான எண். மருத்துவமனை ஊழியரின் முதுகைக் காப்பாற்றப் போட்ட கணக்கு இது. வீட்டில் இருப்பவளின் முதுகெலும்பும் அதே எலும்பால் ஆனதுதான். ஒரு முழு மனிதரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்று என்று அவளிடம் சொல்லும்போது அந்த எண் எங்கே போகிறது?

உங்களுக்குச் சான்றுகள் பிடிக்கும் என்பதால் அவற்றையும் வைக்கிறேன். 1995இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வில், மறதி நோயுள்ள உறவினரைப் பராமரித்த 13 பெண்களுக்கும், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் ஒரே அளவில் சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். பராமரிப்பவர்களின் காயம் ஆறச் சராசரியாக ஒன்பது நாட்கள் கூடுதலாகப் பிடித்தது. 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த இன்னோர் ஆய்வு, வாழ்க்கைத் துணையைப் பராமரித்த முதியவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பராமரிப்பில் மன அழுத்தத்துக்கு உள்ளானவர்களின் இறப்பு அபாயம், பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது.

இந்த 63 என்ற எண்ணை மேடைகளில் தூக்கிக் காட்டுபவர்கள் பலர் மீதியைச் சொல்வதில்லை. அதே ஆய்வில், பராமரித்தும் அழுத்தம் இல்லை என்று சொன்னவர்களுக்கு அப்படிக் குறிப்பிடத்தக்க கூடுதல் அபாயம் தெரியவில்லை. 2013இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, பராமரிப்பவர்கள் தங்களை ஒத்த மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்ததாகவே கண்டது. எனவே பராமரிப்பு ஆளைக் கொல்லும் என்று நான் புலம்பப்போவதில்லை. அம்மாவுக்குச் செய்வதை நான் சுமையாக மட்டும் பார்க்கவும் இல்லை. அவர் வலக்கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முதல் முறை எழுந்து நின்றதைப் பார்க்க நான் இருந்தேன், நீங்கள் இருக்கவில்லை. ஆளை அரிப்பது அந்த அழுத்தம். அதில் பெரும்பங்கு, செய்வது சரியா தவறா என்று தெரியாமலே ஒரு உயிரைக் கையில் வைத்திருப்பதால் வருவது. அந்தப் பங்கைக் குறைப்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தெய்வத்துக்குச் சமமான பணி, உங்களைப் போல யாரால் முடியும் என்றெல்லாம் எங்களைப் பாராட்டுவதைத் தயவு செய்து நிறுத்துங்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் தெய்வமாக்கப்பட்டவள் எரிச்சல்பட முடியாது. சாயங்காலமானால் பதற்றம் கூடி, தன் சொந்த வீட்டிலேயே "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டும் மறதி நோயாளியிடம் நூறாவது முறையாகப் பொறுமையாகப் பதில் சொல்லும் கணவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் சில நாள் கத்திவிடுகிறார். பிறகு வெட்கப்படுகிறார், யாரிடமும் சொல்வதில்லை. மாலையில் இப்படி ஆவது அந்த நோயின் இயல்பு, வாதாடிப் பயனில்லை, வெளிச்சத்தைக் கூட்டிப் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள் என்று நோயைக் கண்டறிந்த அன்றே ஒருவர் சொல்லியிருந்தால் அவருக்குப் பாராட்டே தேவைப்பட்டிருக்காது.

மறுபரிசோதனைக்கு வரும்போதும் இதே நிலைதான். அம்மாவின் ரத்த அழுத்தம் பார்ப்பீர்கள், சர்க்கரை பார்ப்பீர்கள். பக்கத்தில் நிற்கும் என்னிடம் "எப்படி இருக்கிறார்?" என்று கேட்பீர்கள். எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. பராமரிப்பவரின் சுமையை அளக்கும் வினாத்தாள்கூட இருக்கிறது. ஸாரிட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1980இல் உருவாக்கியது, இப்போது 22 கேள்விகளாகப் பரவலாகப் பயன்படுகிறது. காத்திருக்கும் நேரத்தில் நிரப்பிவிடலாம். எங்களுக்குக் காத்திருக்கும் நேரம் தாராளமாகவே கிடைக்கிறது.

இது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலம் 2014இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நோயாளி குறிப்பிடும் பராமரிப்பாளரின் பெயரை மருத்துவமனை தன் பதிவேட்டில் எழுத வேண்டும், டிஸ்சார்ஜ் பற்றி அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், வீட்டில் செய்ய வேண்டிய வேலைகளை அவருக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் அங்கே 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதே வகைச் சட்டத்தை ஏற்றன. இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டம், டிஸ்சார்ஜைத் திட்டமிடும்போதே நோயாளியோடு பராமரிப்பாளரையும் கலந்து பேசுவதை மருத்துவமனையின் கடமையாக்கியது. ஜெர்மனியின் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டம், குடும்பத்தினருக்கு இலவசப் பயிற்சி வகுப்பு நடத்தும் பொறுப்பைக் காப்பீட்டு அமைப்புகளிடம் கொடுத்திருக்கிறது. கேட்டால் வீட்டுக்கே வந்தும் சொல்லித்தருவார்கள். சட்டம் இருக்கும் இடங்களில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. ஆனால் பராமரிப்பவரின் பெயர் பதிவேட்டில் இருந்தால், சொல்லித்தரவில்லையே என்று கேட்பதற்கு அவருக்கு ஒரு பிடி இருக்கும்.

நேரமில்லை, ஆள் இல்லை என்பீர்கள். உண்மைதான். ஒரு செவிலியர் எத்தனை படுக்கைகளைப் பார்க்கிறார் என்பதை வார்டில் உட்கார்ந்து நாங்களே பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த வார்டில் வேலையில்லாமல் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள்: நோயாளியின் அட்டெண்டர். நோயாளி சேர்ந்த இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்தே திருப்பும்போதும், டியூபில் உணவு விடும்போதும், கட்டு மாற்றும்போதும் எங்களை வெளியே அனுப்பாமல் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு நாங்கள் செய்ய, நீங்கள் பாருங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், வெள்ளை அங்கியின் முன் எல்லோருமே புரிந்தது என்றுதான் தலையாட்டுவோம். சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டு, செய்து காட்டு என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் நாளின் அவசரத்தில் கொட்டும் அரை மணி நேர உபதேசத்தைவிட இதற்கு அதிக நேரம் ஆகாது. உங்களுக்கு இரண்டு கைகள் கூடுதலாகவும் கிடைக்கும்.

டிஸ்சார்ஜ் தாளோடு பராமரிப்பவருக்கென்று தனியாக ஒரு தாள் வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில், பெரிய எழுத்தில், இந்த ஒரு நோயாளிக்காக எழுதியதாக. எந்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, எந்த அறிகுறிக்குக் காலை வரை காத்திருக்கலாம், எதற்கு உடனே ஓடிவர வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். தாளின் தலைப்பில் அந்தப் பராமரிப்பாளரின் பெயர் இருக்கட்டும். அந்தப் பெயரை எழுதும் முன், அவரால் முடியுமா, அவருக்கு மாற்று யார் என்று கேளுங்கள். முடியாது என்று ஒருவர் சொன்னால் அதைப் பாசக்குறைவாக எழுதிக்கொள்ளாமல் ஒரு மருத்துவத் தகவலாக எடுத்துக்கொண்டு, வேறு ஏற்பாட்டைச் சேர்ந்து யோசியுங்கள்.

இவையெல்லாம் கூட்டம் போட்டு, குழு அமைத்து, அனுமதி வாங்கி வரச் சற்றுக் காலம் ஆகும் என்று தெரியும். அதுவரை ஒன்றை மட்டும் உடனே செய்துவிடலாம். டிஸ்சார்ஜ் தாளில் அச்சடித்திருக்கும் தொலைபேசி எண் வரவேற்பறையுடையது. இரவில் அது அவசரப் பிரிவுக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லும். அதற்குப் பதிலாக வார்டின் எண்ணைப் போடுங்கள். பாதி ராத்திரியில் டியூப் பாதி வெளியே வந்து கிடக்கும்போது, அதைத் தள்ளாதே, ஒட்டியிருக்கும் டேப்பைக் கழற்றாதே, உணவை நிறுத்திவிட்டுக் காலையில் கொண்டு வா என்று சொல்ல, விழித்திருக்கும் ஒரு செவிலியருக்கு ஒரு நிமிடம் போதும். இதற்குச் சட்டமும் தேவையில்லை, நிதியும் தேவையில்லை. அடுத்த மாதம் அம்மாவை மறுபரிசோதனைக்கு அழைத்து வருகிறேன். அந்த எண் மாறியிருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்